பூவைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள்

பொங்கல் முடிந்ததும் சென்னை நர்சரிகளுக்குத் தனிக் களை வந்துவிடும். ஈசிஆர் ஓரத்துக் கடைகளில் பெட்டூனியாவும் டயாந்தஸும் டேலியாவும் சாமந்தியும் வரிசை கட்டி நிற்கும். ஒரே ஒரு ரோஜா வாங்கப் போனவர் ஆட்டோ நிறையச் செடியோடு திரும்புவார். போகட்டும், அந்தச் சந்தோஷத்துக்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் பங்குனியில் எல்லாம் காய்ந்தபின் "எனக்குக் கைராசி இல்லை" என்று அலுத்துக்கொள்வதுதான் சரியில்லை. பெரும்பாலும் தவறு நர்சரியிலேயே நடந்திருக்கும்.

முதல் தவறு, மாதம் பார்க்காமல் வாங்குவது. பெட்டூனியா, டயாந்தஸ் எல்லாம் குளிர் விரும்பிகள். மார்கழி, தை மாதங்களில் கொள்ளை அழகாகப் பூக்கும். வெயில் ஏறினால் சுருண்டுவிடும். அவற்றை மார்ச் கடைசியில், அதுவும் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்குவது வீண். கடைக்காரர் "தினமும் பூக்கும்மா" என்றுதான் சொல்வார். அவரும் வியாபாரம் பார்க்க வேண்டாமா? மாசிக்குப் பிறகு போனால் நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், இட்லிப்பூ, காகிதப்பூ, அடீனியம் இவற்றின் பக்கம் போங்கள். மே மாத வெயிலையும் தாங்குபவை இவை. ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் நான் குண்டுமல்லியைத்தான் சொல்வேன். குளிர்காலப் பூக்கள் ஓயும் நேரத்தில்தான் அது களத்தில் இறங்கும்.

சாமந்தி விஷயம் வேறு. பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செடி அது. பூ முடிந்ததும் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி நிழல் பக்கம் வையுங்கள். அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். கோடையைத் தாண்டிவிட்டால் மழைக்காலம் முடியும்போது மறுபடி பூக்கும்.

அடுத்தது, முழுக்கப் பூத்த செடியையே தேடுவது. அந்தப் பூக்கள் வீடு வந்த சில நாளில் உதிர்ந்துவிடும். மொட்டு அதிகம் உள்ள, குட்டையான, பல கிளைகள் விட்ட செடியாகப் பாருங்கள். இலையைத் திருப்பிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். செம்பருத்தியில் காம்பும் தண்டும் சேரும் இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. வீட்டில் இருக்கும் நல்ல செடிகளுக்கும் பரவும். ஒட்டு ரோஜா என்றால் தண்டின் அடியில் முடிச்சு மாதிரி ஒட்டுப் பகுதி தெரியும். அதற்குக் கீழிருந்து வரும் கிளைகள் நீங்கள் காசு கொடுத்த ரோஜா அல்ல, ஒட்டுக்கு அடியில் வேருக்காக வைத்த வேறு ரோஜாவின், அதாவது வேர்ச்செடியின், கிளைகள். உடனே வெட்டிவிட வேண்டும். ஒட்டுத் தொல்லையே வேண்டாம் என்றால் பன்னீர் ரோஜா வாங்குங்கள்; குச்சி நட்டாலே வரும், நம்ம ஊர் வெயிலும் அதற்குப் பழக்கம்தான்.

அதிகம் பேர் கவனிக்காதது களிமண் உருண்டை. வெளியூரிலிருந்து லாரியில் வரும் பல செடிகளின் வேரைச் சுற்றிக் களிமண்ணை அப்பி அனுப்புகிறார்கள். பயணத்தில் வேர் காயாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் பையைக் கிழித்து, அந்த உருண்டையை அப்படியே தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பொலபொல மண்ணில் வைத்துவிடுகிறோம். ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண் வழியாக ஓடிவிடும். உருண்டை உள்ளே காய்ந்து கல்லாகும். மேல்மண் ஈரமாகத்தான் இருக்கும், செடி மட்டும் வாடும். விரலால் தட்டிப் பாருங்கள், ஓடு மாதிரி சத்தம் கேட்டால் ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவையுங்கள். வெளிப்புறக் களிமண் தானாகக் கரையட்டும். பிய்த்து எடுத்தால் நுனி வேர்கள் அறுந்துபோகும்.

அப்புறம், அவசரம். பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கிய அன்றே தொட்டி மாற்றி, உரமும் போட்டு, மொட்டை மாடி வெயிலில் வைத்தால் அது என்ன செய்யும்? ஒரு வாரம் அரை நிழலில் அதே பையில் இருக்கட்டும். பிறகு தொட்டி மாற்றி, காலை வெயிலை மட்டும் காட்டிப் பழக்குங்கள். உரம், புதுத் தளிர் வந்த பிறகு.

வாங்கப் போவதும் காலையிலோ வெயில் தாழ்ந்தோ இருக்கட்டும். டூவீலரில் கொண்டுவந்தால் காற்றில் இலை கிழியாமல் செய்தித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆர்ஓ தண்ணீர். குடிநீரைச் சுத்தம் செய்யும் அந்த மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனம் வராமல் தொட்டியில் ஊற்றுவது பல ஃபிளாட்டுகளில் வழக்கம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு தங்கி, இலை ஓரம் பழுப்பாகிக் கருகும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால், நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வடியும்வரை நிறைய ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். ஆர்ஓ கழிவுநீர் தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் இருக்கட்டும்.