ரைஃபிளைத் திருப்பாதீங்க, காலை நகர்த்துங்க

வார இறுதி ரைஃபிள் பயிற்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு சின்ன வித்தை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இலக்கின் நடுவில், பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். சுடுகிற குண்டான பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர்! கையை முறுக்கி இதைப் பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் தோள் வலியோடு வீடு திரும்பினேன்.

குண்டு போடாத ரைஃபிளோடு, பயிற்சியாளர் அனுமதித்ததும் நிலை எடுங்கள். இலக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டு, தோளைத் தளர்த்திக் கண்ணைத் திறங்கள். சைட் (ரைஃபிள் மேலுள்ள குறிபார்க்கும் கருவி) இப்போது எங்கே நிற்கிறதோ, அதுதான் உங்கள் உடம்பு தானாக நோக்கும் இடம். இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளியிருந்தால் முன்காலை ஊன்றிக்கொண்டு, பின்காலைத் துளி நகர்த்துங்கள். அப்புறம் மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். மூன்று நான்கு முறை ஆகும், பரவாயில்லை.

கையால் இழுத்துப் பிடித்தால், விசையை அழுத்தும் நொடியில் தசை தளர்ந்து குழல் பழைய இடத்துக்கே ஓடிவிடும். குண்டும் அங்கேதான் போகும்.

இதற்கெல்லாம் முன்னால்: குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடும்வரை விரல் விசைக்கு வெளியே. பெரும்பாலான கிளப்களில் ரைஃபிளை அவர்களே தருவார்கள், அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். தட்டையான அடிப்பாகமுள்ள ஷூ மட்டும் போதும்.