பெரியவர்களுக்கு அசிஸ்டட் லிவிங்: வடசென்னையிலிருந்து இடம் தேடுவது எப்படி?

அசிஸ்டட் லிவிங் என்றால் குளிப்பது, உடை மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கைகொடுக்க ஆள் இருக்கும் முதியோர் இல்லம். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு இடம் தேடியபோது குறித்து வைத்தவை இவை. அனுப்பலாமா கூடாதா என்ற வீட்டுச் சண்டை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: ஆறு வேலைகளை நோட்டில் எழுதுங்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறை போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தானாக', 'கைகொடுத்தால்', 'முடியாது' என்று குறியுங்கள். ராத்திரியையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் விறுவிறுவென்று நடப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக சுவரைப் பிடிப்பார்.

படி 2: அந்தப் பக்கத்தை வைத்தே வகையை முடிவு செய்யுங்கள். எல்லாம் 'தானாக' என்றால் சமையலுக்கு ஆள் போட்டு வீட்டிலேயே இருக்கலாம். சீனியர் சிட்டிசன் அபார்ட்மெண்டும் சரிப்படும். இரண்டு மூன்றில் கைகொடுக்க வேண்டும் என்றால்தான் அசிஸ்டட் லிவிங். மூக்கு வழி உணவுக் குழாய், யூரின் டியூப், படுக்கைப்புண் இருந்தால் 24 மணி நேரமும் நர்ஸ் உள்ள இடம் வேண்டும். மறதி நோய்க்கு அந்தப் பயிற்சி பெற்ற ஆட்களும், தெருவுக்கு இறங்கிப் போய்விடாதபடி கண்காணிப்பும் தேவை.

படி 3: தூரம். நகரத்தின் தெற்கே ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்து இல்லங்களின் படங்கள் அழகுதான். ஆனால் பெரியப்பாவின் வைத்தியம் முழுக்க பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். அங்கேயும் எங்கள் வீட்டுக்கும் சுலபமாக வந்துபோக முடிகிற சுமாரான கட்டடமே மேல் என்பேன்.

படி 4: ஒப்பந்தம். ஒரு இடத்தில் மாதக் கட்டணத்தில் "எல்லாமே அடக்கம்" என்றார்கள். துருவிக் கேட்டபோது டயபர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர் எல்லாம் வெளியே நின்றன. அதனால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள்? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பார்கள், அந்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா? பாதியில் கிளம்பினால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இவர் படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, அழைத்துப்போகச் சொல்வீர்களா? "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் நான் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன். போனில் குறிக்காதீர்கள், மேனேஜர் முன்னால் நோட்டைத் திறந்து எழுதினால் பதில் கவனமாக வரும்.

இல்லத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த சிலர், பென்ஷனைப் பற்றி எழுத மறந்துவிட்டேன் என்றார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். இதற்கென்றே உள்ள மத்திய அரசின் ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினாலே போதும், இல்லத்திலிருந்தே முடிந்துவிடும். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.