முத்தத்துக்காக இருநூறு பக்கம் காத்திருப்பது எப்படி?

ஸ்வீட் ரொமான்ஸ், க்ளீன் ரொமான்ஸ் என்றெல்லாம் பெயர் போட்டு வரும் இக்காலக் காதல் நாவல்களில் முத்தம் இருநூறாவது பக்கத்துக்கு முன்னால் வந்தால் அதிசயம். சிலதில் கடைசி அத்தியாயத்தில் வரும். சிலதில் அதுவும் கிடையாது, கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. படுக்கையறைக் கதவு கடைசிவரை மூடியே இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் அட்டையைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

அவசரமாகப் படித்தால் ஒன்றும் இல்லை. துப்பறியும் கதையைப் போலத் தடயம் பார்த்துப் படித்தால் நிறைய இருக்கிறது. நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவே எந்தச் சின்ன எண் மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதே கண்ணோடு இந்த நாவல்களைத் திறந்த பிறகுதான் இவற்றின் ருசி எனக்குப் பிடிபட்டது.

முதலில் சரியான புத்தகம் கைக்கு வர வேண்டும். அட்டையை நம்பாதீர்கள். இளஞ்சிவப்புப் பின்னணியில் கார்ட்டூன் போல இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்பார்கள். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் போலிருக்கும். உள்ளே பாதி அத்தியாயங்களில் கதவு விரியத் திறந்திருக்கும். அந்த மாதிரி அட்டை இப்போது எல்லா வகைக்கும் பொதுவாகிவிட்டது. ‘ஸ்லோ பர்ன்’ என்று போட்டிருப்பதையும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காதல் மெதுவாக வளரும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வளர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

படுக்கையறைக் காட்சிகளின் சூட்டை அளக்கப் பொதுவான அளவுகோல் கிடையாது. விமர்சகர்கள் மிளகாய்ப் படம் போடுவார்கள். ஒருவருடைய ஒற்றை மிளகாய் இன்னொருவருக்கு மூன்று. ரொமான்ஸ் டாட் ஐஓ தளத்தில் ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படி பார்வையும் முத்தமும், இரண்டாவது மூடிய கதவு, மூன்றாவதில் கதவு திறந்துவிடும். நமக்கு வேண்டியது முதல் இரண்டு. அமேசானில் ‘க்ளீன் அண்ட் ஹோல்சம்’ என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் அங்கே மதப் பின்னணிக் கதைகளும் கலந்து கிடக்கும். ‘இன்ஸ்பிரேஷனல்’ என்ற சொல் இருந்தால், அல்லது ஹார்லெக்வின் பதிப்பகம் 1997இல் தொடங்கிய ‘லவ் இன்ஸ்பயர்ட்’ வரிசையாக இருந்தால், கதையில் கிறிஸ்தவ விசுவாசமும் ஒரு முக்கியமான இழையாக ஓடும். அது வேண்டும் என்பவர்களுக்கு அது பொருத்தம். வேண்டாதவர்கள் ஐம்பதாவது பக்கத்தில் ஏமாறுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

என் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எதற்குச் சலித்துக்கொண்டார்கள் என்று பார்ப்பேன். ‘ஒன்றுமே நடக்கவில்லை’, ‘கடைசிவரை கையைத்தான் பிடித்தார்கள்’ என்று புலம்பியிருந்தால் உடனே வாங்கிவிடலாம். ‘கதாநாயகி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லை’ என்று திட்டியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மின்நூல் என்றால் இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். சூடு எவ்வளவு என்று அதில் தெரியாது. ஆனால் இருவரும் பேசிக்கொள்வது உங்களைச் சிரிக்க வைக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த வகையில் பேச்சு சப்பென்று இருந்தால் வேறு எதுவும் காப்பாற்றாது.

வரிசையாக வெளியிடப்படும் சின்ன நாவல்கள் ஏறக்குறைய 50,000 வார்த்தை இருக்கும். நிமிடத்துக்கு 200 வார்த்தை படிப்பவருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே மூச்சில் முடிக்கலாம்தான். நான் முடிப்பதில்லை. இரண்டு மூன்று அத்தியாயம் படித்துவிட்டு மூடிவைத்தால், அடுத்த முறை திறக்கும்போது போன தடவை யார் என்ன சொன்னார்கள் என்று மனசு தானாகவே தேடும்.

‘முடிவுதான் தெரியுமே சித்தி’ என்று என் அக்கா மகள் கிண்டல் செய்வாள். தெரியத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1980இல் தொடங்கப்பட்ட காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைதான் வைத்தது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அந்தச் சங்கம் 2024இல் திவால் மனு போடும் நிலைக்கு வந்துவிட்டது. நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறது. முடிவைப் பற்றிய கவலை இல்லாததால்தான் மற்றதை நிதானமாகப் பார்க்க முடிகிறது. கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆளாக இருந்தால் தாராளமாகப் பாருங்கள், பாவம் ஒன்றும் இல்லை.

பமேலா ரீஜிஸ் என்ற பேராசிரியர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலில், காதல் நாவல் என்றால் எட்டு உறுப்புகள் இருக்கும் என்று பிரித்துக் காட்டினார். எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எனக்கு உதவுவது இரண்டுதான்: தடை, அப்புறம் எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றும் அந்த இடம். படிக்கத் தொடங்கியதும் முதல் மூன்று அத்தியாயத்துக்குள் ‘இவர்களைத் தடுப்பது எது?’ என்று கேட்டு, கிடைக்கும் பதிலை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்வேன். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அவன் இந்த ஊரை விட்டு வரமாட்டான். இது வெளித்தடை. யாரையும் நம்பித் தன் பாரத்தை இறக்கிவைத்து அவளுக்குப் பழக்கமில்லை. இது உள்தடை. நல்ல நாவலில் இரண்டும் பின்னிக்கொண்டிருக்கும். வெளித்தடை மட்டும் இருந்தால், அதுவும் ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் என்றால், முந்நூறு பக்கம் அதன்மேல் நிற்காது. மேலே சொன்ன அந்தத் திட்டு இதைப் பற்றித்தான்.

இனி தடயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு நானே ஒரு கதையைக் கட்டுகிறேன். பழைய நூலகம் ஒன்று, கூரை ஒழுகுகிறது. அவள் நூலகர். அவன் கூரையைச் சரிசெய்ய வந்தவன். முதல் நாள் மழையில் அவன் ஒரு வாளியைத் தூக்கி ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே வைக்கிறான். அவள் எதுவும் சொல்லாமல் வாளியை ஒரு சாண் நகர்த்துகிறாள். அவன் வைத்த இடத்தில் தண்ணீர் தெறித்துக் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் படும். அவன் முகம் சுளிக்கிறான். அத்தியாயம் முடிந்தது, படிக்கிறவருக்கு வெறும் சண்டை மாதிரித்தான் தெரியும்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் மறுபடி மழை. இருவரும் வேறு எதைப் பற்றியோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே அவன் எழுந்துபோய் வாளியை வைத்துவிட்டு வருகிறான், அவள் நகர்த்திய அதே இடத்தில். ஆசிரியர் அதற்கு ஒரே வரிதான் கொடுத்திருப்பார். வேகமாகப் படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய், ‘இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்பார். நடந்துவிட்டது! அவள் சொல்லாத ஒன்றை அவன் எட்டு அத்தியாயமாக ஞாபகம் வைத்திருக்கிறான். நான் அங்கே ஒரு டிக் போடுவேன். அப்புறம் இருபதாவது அத்தியாயத்தில் இருவரும் பிரிந்திருக்கும்போது கூரை சரியாகிவிட்டது, ஒழுகுவதில்லை. ஆனாலும் மழை வந்ததும் அவள் வாளியை எடுத்து அதே இடத்தில் வைக்கிறாள் என்று எழுதியிருந்தால், முத்தம் எந்தப் பக்கத்தில் வந்தால் எனக்கென்ன?

இப்படி நான் பின்தொடர்வது மூன்று சங்கதிகளை. ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், அது எந்தப் பக்கத்தில் மாறுகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள், அதாவது வாளி, குடை, பழைய சாவி, எதுவானாலும். மூன்றாவது, தொடுகை. சூடு குறைந்த நாவலில் தொடுகைக்கு விலை அதிகம். பொட்டலத்தை வாங்கும்போது விரல் பட்டதற்கு ஒரு பத்தி முழுக்க ஒதுக்கியிருப்பார்கள். சிரிக்காமல் அந்தப் பத்தியைப் படியுங்கள். நல்ல ஆசிரியர் அங்கே விரலைப் பற்றி அதிகம் எழுதமாட்டார், விரல் பட்டதும் அந்த ஆள் எதை மறைக்கப் பார்க்கிறார் என்பதைத்தான் எழுதியிருப்பார்.

ஊரை ஏமாற்றக் காதலர்களாக நடிக்கும் ‘ஃபேக் டேட்டிங்’ கதைகள் இந்த வகைக்கு அளவெடுத்துத் தைத்தவை என்பது என் கட்சி. ஊர் பார்க்கிறது, அதனால் கையைப் பிடித்தாக வேண்டும், தோளில் சாய்ந்தாக வேண்டும். தொடுகை முன்கூட்டியே கிடைத்துவிடுவதால் அதற்கு மதிப்பு போய்விடும் என்று தோன்றும். நடப்பது வேறு. எல்லாரும் போன பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாத காரில், பிடித்த கையை விட மறந்து உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் காட்சி எங்கே வருகிறது என்று தேடுங்கள். அது இல்லாத ஃபேக் டேட்டிங் நாவலை நான் அடுத்தவருக்குப் பரிந்துரைப்பதில்லை.

மூடிய கதவு வரும்போது அத்தியாயம் முடிந்து அடுத்தது மறுநாள் காலையில் தொடங்கும். திறமையை அங்கே சோதிக்கலாம். உடலை மறைத்த ஆசிரியர் மனசையும் சேர்த்து மறைத்துவிட்டாரா? காலையில் இருவர் பேச்சிலும் புதிதாக ஒரு கூச்சம், ஓர் உரிமை, ஒரு பயம் ஏதாவது தெரிய வேண்டும். முந்தின நாள் மாதிரியே வானிலையைப் பேசிக்கொண்டிருந்தால் ஆசிரியர் கதவை மூடிவிட்டுத் தானும் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இதில் கை தேர்ந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின். 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் எலிசபெத்துக்கும் டார்சிக்கும் நடுவே ஒரு முத்தம்கூட எழுதப்படவில்லை. முதல் தடவை அவன் காதலைச் சொல்லி அவள் மறுப்பது மொத்தம் 61 அத்தியாயங்களில் 34ஆவது. மிச்சப் பாதி நாவல் முழுக்க அந்த மறுப்புக்குப் பிந்தின பாடுதான்.

இக்கால நாவல்களில் பிரிவு பொதுவாக முக்கால் பங்கு தாண்டியதும் வரும். பலருக்கு அந்த இடம் எரிச்சல். புத்தகத்தை மூடிவிடலாம் என்று இருக்கும். நான் அங்கேதான் முதலில் எழுதிவைத்த ‘தடை என்ன?’ குறிப்புக்குத் திரும்புவேன். அதே உள்தடையால் பிரிந்தார்கள் என்றால் பிரிவு நியாயமானது, பொறுத்துப் படிக்கலாம். எங்கிருந்தோ பழைய காதலி வந்து குதித்ததால் பிரிந்தார்கள் என்றால் ஆசிரியருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, வேகமாகப் புரட்டுங்கள். சேரும்போதும் இதே கணக்குதான். விமான நிலையத்துக்கு ஓடிவந்து மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்பதால் மட்டும் எதுவும் தீராது. தன் பாரத்தை யாரிடமும் இறக்கிவைக்காத அவள், ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்டாளா என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். சூடு குறைவு என்பதால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது. அவள் போனை எடுத்துப் பார்ப்பான், யாரோடு பேசினாய் என்று குடைவான், வேண்டாம் என்று சொன்ன பிறகும் வீட்டு வாசலில் வந்து நிற்பான். இதையெல்லாம் அக்கறை என்று எழுதிவைத்திருக்கும் புத்தகங்கள் ‘ஸ்வீட்’ என்ற முத்திரையோடு வரத்தான் செய்கின்றன. கதையில் யாராவது அவனை அதற்குக் கண்டிக்கிறார்களா என்று கொஞ்சம் பார்ப்பேன். இல்லையென்றால் மூடிவைத்துவிடுவேன், எத்தனை பக்கம் மிச்சம் இருந்தாலும் சரி.

இந்த வகையில் தொடர் நாவல்கள் அதிகம். ஒரே சிற்றூர், ஒரே குடும்பம், புத்தகத்துக்கு ஒரு ஜோடி. முதல் புத்தகத்தில் பின்னால் நின்று கேலி பேசும் அண்ணன் மூன்றாவதில் கதாநாயகனாக வருவான். எதிலிருந்து தொடங்கினாலும் கதை புரியும். ஆனாலும் வரிசைப்படி படித்தால் அந்த அண்ணன் ஒவ்வொரு புத்தகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கனிகிறான் என்று பார்க்கலாம். ஒரே ஆசிரியரை அடுத்தடுத்து மட்டும் படிக்காதீர்கள். அவருடைய செல்லச் சொற்கள் கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும். நடுவில் வேறு ஏதாவது படித்துவிட்டு வாருங்கள்.

கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் ‘போனஸ் எபிலாக் வேண்டுமா?’, அதாவது கதை முடிந்த பிறகு வரும் கூடுதல் அத்தியாயம் வேண்டுமா என்று ஒரு சுட்டி இருக்கும்; மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். இதற்கென்றே தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரின் அடுத்த புத்தகம், அவருடைய தோழியின் புத்தகம், தள்ளுபடி அறிவிப்பு என்று அஞ்சல்பெட்டி நிறைந்துவிடும். அந்த எபிலாக்கில் பெரும்பாலும் ஒரு கல்யாணமோ குழந்தையோ இருக்கும். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.