பாதுகாப்பு ரகசியம் என்று பேசுகிறவர்களை எடைபோடுவது எப்படி?

நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஒரு அமைச்சரோ உளவுத்துறைத் தலைவரோ பேசினால், அது பின்னால் பலித்ததா இல்லையா என்பதை வைத்து அவர் நேர்மையைத் தீர்மானிக்காதீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னதும் பலிக்கும், யோசித்துச் சொன்னதும் பொய்த்துப்போகும். பேசிய அன்று அவர் கையில் என்ன இருந்தது, அதை எவ்வளவு அடித்துச் சொன்னார், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இதைத்தான் பார்க்க வேண்டும்.

2003 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வாதிட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டவா, சாதாரண ராக்கெட்டுக்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். நேர்மையாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மறுப்பவர்களை "வேறு சில நிபுணர்களும் ஈராக்கியர்களும்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். அந்த 'வேறு சிலர்' யார் தெரியுமா? செறிவூட்டும் இயந்திரங்களை நன்றாக அறிந்த அமெரிக்க எரிசக்தித் துறையும், அவருடைய சொந்த வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும்தான்! மறுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுப்பவர் யார் என்பதை மங்கலாக்குவது அப்பட்டமான பொய்யைவிடக் கண்டுபிடிக்கக் கடினம், அதனால் முதலில் தேட வேண்டியதே இதைத்தான்.

அதே உரையில் வந்த நடமாடும் கிருமி ஆயுதக்கூடங்கள் வேறு ரகம். அதற்கு முக்கிய ஆதாரம் 'கர்வ்பால்' என்ற ரகசியப் பெயர் கொண்ட ஒருவர், ஜெர்மன் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர், சி.ஐ.ஏ. அவரை நேரில் உட்காரவைத்து விசாரித்ததே 2004-ல்தான். இங்கே பவலைவிட, அவருக்கு இதைத் திடமான தகவல் என்று தயாரித்துக் கொடுத்தவர்கள் மேல்தான் நான் அதிகம் பழி போடுவேன். பேசிய வாயை மட்டும் பார்க்காமல், சந்தேகம் எந்தப் படியில் உதிர்ந்துபோனது என்று பின்னோக்கிப் போங்கள்.

சரி, ரகசியம் காக்க வேண்டிய இடத்தில் என்ன செய்வது? சொல்லாமல் விடலாம், அது தப்பில்லை. மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. 2013 மார்ச் 12 அன்று அமெரிக்க செனட் குழுவில் அதன் உறுப்பினர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்.எஸ்.ஏ. (தொலைத்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க உளவு அமைப்பு) ஏதாவது தரவு சேகரிக்கிறதா என்று கேட்டார். தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் "இல்லை" என்றார், தெரிந்தே செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். திடீர்க் கேள்வி என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, கேள்வியை வைடன் முதல் நாளே அனுப்பியிருந்தார். "இதை மூடிய அமர்வில் பேசலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும், பொய்யும் வந்திருக்காது.

அப்புறம், திருத்தம் எப்போது வந்தது என்று தேதி பாருங்கள். பதிலைத் திருத்தும் வாய்ப்பை வைடன் தரப்பு உடனேயே கொடுத்தது. தன் பதில் தவறு என்று கிளாப்பர் குழுவுக்குக் கடிதம் எழுதியது ஜூன் 21-ல், அந்தச் சேகரிப்பை அம்பலமாக்கி எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட என்.எஸ்.ஏ. ஆவணங்கள் ஜூன் முதல் வாரத்தில் பத்திரிகைகளில் வந்த பிறகு.