உஸ்தாத் முதுகைத் திருப்பிய பிறகு: ரெக்ரூட் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1956 ஏப்ரல் 8 அன்று இரவு, அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள பாரிஸ் தீவு மரைன் பயிற்சி முகாமில், தம் பிளாட்டூனில் (பயிற்சிப் படைப்பிரிவில்) ஒழுங்கு தளர்ந்துவிட்டதாகக் கருதிய பயிற்றுநர் ஒருவர், அதைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு ரெக்ரூட்டுகளை, அதாவது புதிதாகச் சேர்ந்த வீரர்களை, ரிப்பன் கிரீக் என்னும் சதுப்பு ஓடைக்குள் இருட்டில் நடத்திச் சென்றார். ஆறு பேர் மூழ்கி இறந்தனர். யாரையும் கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. பிள்ளைகளோடு அவரும்தான் ஓடையில் இறங்கினார். இரவு நேரத்தில், மேலிருந்து கேட்க ஆளில்லாமல், தண்டிக்கும் அதிகாரத்தை ஒரே மனிதரின் கையில் விட்டுவைத்ததுதான் அங்கே நடந்த முதல் தவறு. அதன் பிறகு அங்கே பிளாட்டூனுக்கான பயிற்றுநர்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. அவர்கள் மீதான கண்காணிப்பும் இறுக்கப்பட்டது.

நம் ராணுவப் பயிற்சி மையங்களில் பயிற்றுநரை ‘உஸ்தாத்’ என்பார்கள்; அவர் தரும் தண்டனைக்கு வழங்கும் பெயர் ‘ரகடா’. உடலை வருத்தாமல் படைவீரன் உருவாக மாட்டான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவன் ஷூவுக்குப் பாலிஷ் போடாததற்காக முழு பிளாட்டூனையும் உருள வைத்தால், விளக்கு அணைந்த பிறகு பாரக்கில் (தங்கும் கூடத்தில்) மற்றவர்கள் அவனைக் ‘கவனித்துக்கொள்வார்கள்’. மறுநாள் அவன் ஷூ பளபளக்கும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனை அவன் இனி நம்ப மாட்டான். பாரக் அசுத்தமாகக் கிடந்தாலோ செக்‌ஷன் (பிளாட்டூனின் சிறு பிரிவு) மொத்தமும் நேரம் தவறி வந்தாலோ மட்டுமே கூட்டுத் தண்டனைக்குப் பொருள் உண்டு. அதோடு, சேர்ந்த சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்தெழச் செய்தால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்று ஒருவன் சொன்னால், அவனை அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

புரியாமையைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்வது, தென்மாநிலப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய தவறு. டிரில் கட்டளைகள் இந்தியில் இருக்கின்றன. ‘பீச்சே முட்’ என்ற குரலுக்கு இடப்பக்கம் திரும்பி நின்ற ஒரு ராமநாதபுரத்துப் பையனை, திமிர் பிடித்தவன் என்று நினைத்து ஒரு உஸ்தாத் மூன்று நாள் வறுத்தெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் மாலை, அவனுடைய சீனியர் ஒருவன் தீக்குச்சிகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, ‘தாஹினே’ என்றால் வலம், ‘பாயே’ என்றால் இடம், ‘பீச்சே’ என்றால் பின்னால் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினான். அரை மணி நேரத்தில் சிக்கல் தீர்ந்தது. அந்த அரை மணி நேரத்தை முதல் வாரத்திலேயே ஒதுக்காதது பையனின் பிழை அன்று.

வலியை மறைக்கக் கற்றுக்கொடுப்பது இன்னொரு தவறு. ஓட்டமும் சுமையும் திடீரென்று கூடும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான். மருத்துவரிடம் போகக் கேட்பவனை எல்லோர் முன்னிலும் ‘நடிக்கிறான்’ என்று ஒருமுறை கேலி செய்துவிட்டால், அடுத்தவன் நொண்டாமல் நடக்கப் பழகுவானே தவிர வாய் திறக்க மாட்டான். சில வார ஓய்வில் ஆறியிருக்க வேண்டியது பிறகு பல மாதச் சிகிச்சையில் முடியும்.

2022இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது. நான்காண்டுப் பணிக்குப் பின் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதத்தினர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர் என்பதால், ‘ஒழுங்காக இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் வீடுதான்’ என்ற மிரட்டல் உஸ்தாதின் நாக்கில் எளிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது சில நாள் வேலை செய்யும். பிறகு, பக்கத்தில் நிற்பவன் தோழன் என்ற நிலை போய்ப் போட்டியாளன் ஆகிவிடுவான். போரில் ஒருவரை ஒருவர் காக்க வேண்டிய செக்‌ஷனுக்குள் நாமே பிளவை உண்டாக்கியவர்கள் ஆவோம். எண்ணிக்கையை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டு, பிறகு அதை ஆயுதமாக எடுக்காமல் இருப்பதே நேர்மை.

பாராட்டில் கஞ்சத்தனமும் வேண்டாம். அதற்காக எதற்கெடுத்தாலும் ‘ஷாபாஷ்’ சொல்வதும் பயனற்றது. ஃபயரிங் ரேஞ்சில் முதல் தடவையாக ஐந்து குண்டுகளும் நெருங்கி விழுந்த பையனிடம், மூச்சை நிறுத்திய விதம் சரியாக இருந்தது என்று காரணத்தோடு சொல்லுங்கள். அன்றிரவு பாரக்கில் அவன் அதையே பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான்.