கடைச் சாயம் இல்லாமல் பழைய சேலையில் இலை அச்சு

இலங்கை மலையகத்தில் இலைக்குப் பஞ்சமே இல்லை. துணியில் பூவும் இலையும் வேண்டுமென்றால் சாயப் பக்கெட் வாங்கவே தேவையில்லை, இலையையே பதித்துவிடலாம்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும், பழைய சேலையோ சாரமோ எதுவானாலும் சரி. பொலியெஸ்டரில் இந்தச் சாயம் ஏறாது. சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள், பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கஞ்சியும் பிசுக்கும் போக சவர்க்காரம் போட்டுக் கொதிக்க வைத்து அலசுங்கள்.

அப்புறம் கடும் தேத்தண்ணி. குடித்த தூளைச் சேர்த்து வைத்து மறுபடி கொதிக்க வைத்தாலே போதும், ஓர் இரவு ஊறினால் அதன் துவர்ப்பு நூலில் ஏறிவிடும். மறுநாள் 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறப்போடுங்கள்.

இதற்கு முன்பே ஒரு போத்தலில் வினாகிரியும் தண்ணீரும் கலந்து, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அந்த இரும்புத் தண்ணியில் இரண்டு மூன்று கரண்டியை ஒரு சட்டித் தண்ணீரில் கலந்து இலைகளைத் தோய்த்தெடுங்கள். கூடினால் நாளாக நாளாகத் துணியே இற்றுப்போகும்.

என்ன இலை? கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையில் கிடக்கும் முற்றிய தேயிலை, கீழே விழுந்த யூக்கலிப்டஸ், வீட்டுக் கொய்யா. அரளியும் ஊமத்தையும் வேண்டவே வேண்டாம், நஞ்சு. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா, அங்கே ஓர் இலையையும் தொடாதீர்கள்.

இலையின் நரம்புப் பக்கம் துணியில் படும்படி பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, ஒரு கம்பில் இறுக்கிச் சுருட்டி, இடைவெளி விடாமல் கயிற்றால் வரிந்து கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது. நன்றாக ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் விளிம்பு கலங்கிவிடும். சரியாகப் பதிந்திருந்தால் தேயிலையின் பல்விளிம்பும் நடுநரம்பும் கருஞ்சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரியும்.

மிஞ்சிய தண்ணியை, குடிக்கத் தண்ணி பிடிக்கும் பீலிப் பக்கமோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். கீழே உள்ள லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அதுதான் குடிதண்ணி. தள்ளி ஒரு குழி வெட்டி ஊற்றுங்கள்.

பதிந்த துணியில் ஊசி வேலையும் செய்யலாம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கக் கூடாது என்பதால், இதைச் செய்யச் சொல்வேன்: துணியையே மலைச் சரிவாக நினைத்து, தேயிலை வரிகளாக அதன் நெடுக ஓட்டுத் தையல் போட்டு, மண் சரிந்த இடத்தில் மட்டும் வரிகளை அறுத்து வெறுந்துணியாக விடுங்கள். வரிகளுக்கு வெங்காயத் தோலில் சாயம் ஏற்றிய நூல் எடுப்பாக இருக்கும், நூலையும் முதலில் தேத்தண்ணியிலும் படிகாரத்திலும் ஊறப்போட வேண்டும்.