நாணின் நீளத்துக்கு முனைகளைத் தேட வேண்டாம்

சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வட்டம் நடத்தும்போது நான் முதலில் போடும் கணக்கு இது. எக்ஸ்² + ஒய்² − 4எக்ஸ் − 6ஒய் − 12 = 0 என்ற வட்டத்தை 3எக்ஸ் + 4ஒய் − 3 = 0 என்ற கோடு வெட்டுகிறது. நாணின் நீளம் என்ன?

பாதிப் பேர் உடனே ஒய்யின் மதிப்பைக் கோட்டிலிருந்து எடுத்து வட்டத்தில் பிரதியிட ஆரம்பித்துவிடுவார்கள். தப்பில்லை. சுருக்கிச் சுருக்கி 5எக்ஸ்² − 2எக்ஸ் − 51 = 0 வரை வந்து, முனைகள் (3.4, −1.8), (−3, 3) என்று கண்டுபிடித்து, அப்புறம் தூர வாய்பாடு போட்டால் 8 வரும். ஆனால் ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். நடுவில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் அத்தனையும் வீண். கேட்டது நீளம்தானே, முனைகள் இல்லையே!

பென்சிலை எடுத்து ஒரு வட்டமும் அதில் ஒரு நாணும் வரையுங்கள். மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து இறக்குங்கள். அது நாணைச் சரிபாதியாக வெட்டும். அதே மையத்திலிருந்து நாணின் ஒரு முனைக்கு ஆரத்தை வரையுங்கள். செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. ஆரம்தான் கர்ணம். மற்ற இரண்டு பக்கங்கள் செங்குத்துத் தூரமும் அரைநாணும்.

இப்போது எண்கள். எக்ஸ், ஒய் கெழுக்களைப் பாதியாக்கிக் குறியை மாற்றினால் மையம் (2, 3). ஆரம் √(4 + 9 + 12) = 5; சமன்பாட்டில் இருந்த −12 இங்கே +12 ஆகிறது, கவனம். கோட்டில் மையத்தைப் போட்டால் 6 + 12 − 3 = 15. அதை √(9 + 16), அதாவது 5 ஆல் வகுத்தால் தூரம் 3. அரைநாண் √(25 − 9) = 4. நாண் 8.

போன வாரம் ஒரு மாணவி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, விடை 4 என்று எழுதி அழகாகக் கட்டம் கட்டியிருந்தாள். எனக்கே மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து படத்திலேயே அந்தப் பக்கத்தின் மேல் ‘அரைநாண்’ என்று எழுத வைக்கிறேன்.

எக்ஸ்², ஒய்² கெழு 2 ஆகவோ 3 ஆகவோ இருந்தால் முதலில் அதால் முழுச் சமன்பாட்டையும் வகுத்துவிடுங்கள். தூரம் ஆரத்தைவிடப் பெரிதாக வந்தால் கோடு வட்டத்தைத் தொடவே இல்லை. சமமாக வந்தால் அது தொடுகோடு.

சரி, இதே வட்டத்தை எக்ஸ் அச்சு வெட்டும் நாண்? மையத்தின் உயரம் 3. அதே தூரம், அதனால் அதே 8. ஒய் அச்சோ 2 தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே நாண் 2√21, கொஞ்சம் நீளம்.